திருப்பிப் போடு

2009 ஜூலையில் இந்த வலைப்பதிவில் எழுதிய ஒரு விமர்சனத்தைப் போன வாரம் எதையோ தேடப்போய்த் திறந்து படித்தேன். மேஜர் லேசர் என்ற பெயரில் வந்த முதல் ஆல்பத்தைப் பற்றியது. நான்கே பத்திகள். "பதின்மூன்று பாட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கூச்சல், கடைசிக்கு முன்னால் ஒரு குழந்தையின் அழுகை. பார்ட்டியில் ஓட விடலாம், உட்கார்ந்து கேட்க ஒன்றுமில்லை" என்று முடித்திருந்தேன். அந்த வயதின் திமிரைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் உறுத்தியது அது இல்லை. நான்கு பத்திகளில், ஆல்பத்தைத் தயாரித்த இருவரில் டிப்லோவின் பெயர் ஏழு இடத்தில் இருந்தது, சுவிட்சின் பெயர் நான்கு இடத்தில். பாடியவர்களில் ஒருவருடைய பெயர்கூட இல்லை.

ஆல்பத்தின் பெயர் ‘கன்ஸ் டோன்ட் கில் பீப்பிள்... லேசர்ஸ் டூ’. அமெரிக்காவில் துப்பாக்கி ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ‘துப்பாக்கி கொல்வதில்லை, மனிதர்கள்தான் கொல்கிறார்கள்’ என்ற வாசகத்தைப் பிடித்துக் கேலி செய்கிற பெயர். அமெரிக்காவின் டிப்லோவும் இங்கிலாந்தின் சுவிட்சும் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போய், பாப் மார்லி தொடங்கிய டஃப் காங் ஸ்டூடியோவில் ஜமைக்காப் பாடகர்களை அழைத்து இதன் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். அட்டையில் இவர்கள் யாரும் கிடையாது. ஃபெர்ரி கௌ என்ற ஓவியர் வரைந்த கார்ட்டூன் வீரன் நிற்பான். 1984ல் நடந்த ரகசிய ஜாம்பிப் போரில் கை போன ஜமைக்கா கமாண்டோ, போன கைக்குப் பதில் லேசர், ரத்தக் காட்டேரிகளோடு சண்டை, நடுநடுவே கொண்டாட்டம் என்று அவனுக்கு ஒரு கதையும் உண்டு. சனிக்கிழமை காலை டிவியில் வரும் கார்ட்டூன் மாதிரி.

சுவிட்ச், டிப்லோ இருவர் பெயரும் எனக்கு அறிமுகமானது மாயா அருள்பிரகாசம் வழியாக. எம்.ஐ.ஏ. என்றால்தான் பலருக்குத் தெரியும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போனவர். 2005ல் அப்பாவின் இயக்கப் பெயரில் ‘அருளர்’, 2007ல் அம்மாவின் பெயரில் ‘கலா’. இரண்டாவது ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து, கோடம்பாக்கத்தில் ரஹ்மானின் ஏ.எம். ஸ்டூடியோவில் உருமி மேளம் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அந்த உருமி அதிருவதைக் கேட்டுவிட்டு நாங்கள் நாலைந்து பேர் ஒரு வாரம் வேறெதுவும் கேட்காமல் திரிந்தோம். ‘பாய்ஸ்’ பாட்டிலும் அதே சென்னை மேளம். அதன் வீடியோவை எடுத்தது ஜமைக்காவில். லேசரின் ஆல்பத்துக்கு இரண்டு வருடம் முன்னாலேயே மாயா அந்தப் பாதையில் நடந்து போயிருந்தார்.

‘கலா’ வெளிவந்த சமயத்தில் ஒரு பேட்டியில் மாயா பொரிந்து தள்ளினார். முதல் ஆல்பத்துக்குப் பின்னால் இருந்த மூளை டிப்லோதான் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, தான் உழைத்ததெல்லாம் ஒரு ஆணின் கணக்கில் போய்ச் சேருகிறது என்று. ‘அருளர்’ ஆல்பத்தில் டிப்லோ தயாரித்தது ஒரே ஒரு பாட்டு. நான் அன்றைக்குக் கொதித்துப்போய் மாயாவுக்காக நீளமாக ஒரு பதிவு போட்டேன். அது இன்னும் இங்கேதான் இருக்கிறது, விரும்பினால் தேடிப் படியுங்கள். அதே ஆள் இரண்டு வருடம் கழித்து, வைப்ஸ் கார்டெல் பாடிய பாட்டை "டிப்லோவின் பாட்டு" என்று எழுதியிருக்கிறேன். நம்ம வீட்டுப் பெண் என்றால் ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு வேறு நியாயம்.

கார்டெல் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ்டனை ஒட்டிய போர்ட்மோர்க்காரர். 2009ல் ஜமைக்காவில் அவரைவிடப் பேசப்பட்ட பாடகர் இருந்திருக்க முடியாது. அவர் கோஷ்டி ‘காசா’, எதிராளிப் பாடகர் மவாடோவின் கோஷ்டி ‘கல்லி’. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் டிசம்பரில் பிரதமர் புரூஸ் கோல்டிங்கே இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டி வந்தது. ஒரு நாட்டின் பிரதமர் சமாதானம் பேசுகிற அளவுக்குப் பெரிய ஆளை நான் "பின்னணியில் ஒருவர் வேகமாக ஏதோ சொல்கிறார்" என்று எழுதிக் கடந்திருக்கிறேன்.

சரி, மற்றவர்கள் என்ன எழுதினார்கள்? பொதுவாக நல்ல வரவேற்புதான். இந்த வருடத்தின் கோடைக்காலப் பார்ட்டி இதுதான் என்கிற தொனியில் ஆங்கில இசைப் பத்திரிகைகள் பல பாராட்டின. குறையென்று அடிக்கடி வந்தவை மூன்று. நகைச்சுவை அளவுக்கு மீறிப் போகிறது. ஆல்பம் ஒரு கட்டுக்குள் நிற்காமல் சிதறுகிறது. இரண்டு வெள்ளைக்காரத் தயாரிப்பாளர்கள் ஜமைக்கா வேஷம் கட்டி ஆடுவது சரிதானா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. ஆனால் அதைக் கேட்டவர்களும் பெரும்பாலும் அந்த இரண்டு பேரைப் பற்றியே பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். திட்டினாலும் அவர்கள்தான் கதாநாயகர்கள். மைக்குக்கு முன்னால் நின்றவர்கள் அடைப்புக்குறிக்குள் போனார்கள்.

சிதறுகிறது என்ற புகாரை நானும் அன்று எழுதினேன். இன்று யோசித்தால், அளவுகோலையே தப்பாக எடுத்திருக்கிறோம். இந்த ஆல்பம் நிற்பது டான்ஸ்ஹால் என்ற ஜமைக்காத் தெரு ஆட்ட இசையின் மேல். அது ஆல்பத்தை நம்பி வளர்ந்த இசை இல்லை. அதன் அலகு ஏழு அங்குல இசைத்தட்டு: ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் இல்லாத வெறும் தாளக்கட்டு. அந்தத் தாளக்கட்டுக்கு ‘ரிடிம்’ என்று பெயர். ஒரே ரிடிமில் பத்து இருபது பேர் தனித்தனியாகப் பாடுவார்கள், எவருடையது நிற்கிறது என்று தெரு தீர்மானிக்கும். 2002ல் ஸ்டீவன் ‘லென்கி’ மார்ஸ்டன் செய்த ஒரு ரிடிமுக்குப் பெயரே ‘தீவாளி’. நம்ம தீபாவளியேதான். கைதட்டலை அடுக்கி அடுக்கிச் செய்த அந்த ஒரே கட்டின் மேல் ஷான் பாலின் ‘கெட் பிஸி’, வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’ இரண்டும் நிற்கின்றன. ‘கெட் பிஸி’ 2003ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், தரை ஒன்று, வீடு வேறு.

விமர்சனம் என்பதும் அங்கே எழுத்தில் நடப்பதில்லை. ஜமைக்காவில் ‘டீஜே’ என்றால் மைக்கில் தாளத்தோடு பேசிப் பாடுகிறவர். தட்டைப் போடுகிறவர் ‘செலக்டர்’. இந்தக் குழப்பத்தாலேயே பழைய கட்டுரைகள் பலவற்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். தெருவை அடைத்து ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். செலக்டர் ஒரு புதுப் பாட்டைப் போடுவார். முதல் நாலு வரிக்குள் கூட்டம் கையை உயர்த்தி, ஊதல் ஊதி, பக்கத்துத் தகர வேலியை டமடமவென்று அடித்தால், பாட்டை அங்கேயே நிறுத்திச் சர்ரென்று பின்னால் இழுத்து மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். ‘புல் அப்’ என்பார்கள். நல்ல பாட்டென்றால் மூன்று நான்கு முறை இப்படி நடக்கும், பாட்டு முழுதாக ஓடவே ஓடாது. கூட்டம் சும்மா நின்றால் செலக்டர் அடுத்த தட்டுக்குத் தாவிவிடுவார். அவ்வளவுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. ஒரு காலத்தில் பிடித்த பாட்டுக்கு நிஜத் துப்பாக்கியையே வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பிறகு அது விரலைத் துப்பாக்கி போல நீட்டுவதாக மாறியது. லேசர் ஆல்பத்தின் பெயரில் துப்பாக்கி வருவதை நான் அமெரிக்க அரசியலோடு மட்டும் பொருத்திப் பார்த்தேன். கிங்ஸ்டனில் இந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு இந்தச் சத்தமும் சேர்ந்தே காதில் விழுந்திருக்கும்.

இன்னொரு பெரிய தவறு என் பழைய பதிவில் உண்டு. "டான்ஸ்ஹாலுக்கு எலக்ட்ரானிக் சட்டை மாட்டியிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தேன். இந்த வாக்கியத்தைப் பல பேர் பல விதமாக எழுதினார்கள். எழுதியவர்கள் யாரும் 1985ஐ நினைக்கவில்லை.

அது நடந்த கதை இப்படி. ஜப்பானில் காசியோ நிறுவனம் எம்டி-40 என்றொரு சின்னக் கீபோர்டை 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்டது. வீட்டில் பிள்ளைகள் தட்டிப் பழகுகிற வகை. அதற்குள் இருந்த தயார்த் தாளங்களை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண், ஜமைக்காவின் ரெகே இசை மேல் பைத்தியம். ‘ராக்’ என்ற பெயரில் அவர் அமைத்த ஒரு தாளம் எப்படியோ ரெகே போலவே உருளும். அந்தக் கீபோர்டு கிங்ஸ்டனில் நோயல் டேவி கையில் கிடைத்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தபோது இந்தத் தாளம் மாட்டியது. தயாரிப்பாளர் ஜாமியிடம் எடுத்துப் போனார்கள். அவர் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். அதுதான் ‘ஸ்லெங் டெங்’. 1985 பிப்ரவரியில் கிங்ஸ்டனில் ஜாமியின் ஸ்பீக்கர் செட்டுக்கும் பிளாக் ஸ்கார்ப்பியோ என்ற எதிர் செட்டுக்கும் நடந்த சவுண்ட் போட்டியில் ஜாமி இதை அவிழ்த்துவிட்டார். அன்று ராத்திரியோடு டிரம் அடிப்பவர், பாஸ் கிட்டார் வாசிப்பவர் பலருக்கு வேலை குறைய ஆரம்பித்தது என்று அந்தத் துறையில் இருந்தவர்களே சொல்வார்கள். அன்றிலிருந்து டான்ஸ்ஹால் மின்னணு இசைதான். ஸ்டூடியோவில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக், அவ்வளவே. டிப்லோவும் சுவிட்சும் 24 வருடம் கழித்து மாட்டிய சட்டை ஜமைக்கா தைத்தது. காலரில் கொஞ்சம் ஐரோப்பியக் கிளப் சரிகை சேர்த்தார்கள், அதை மறுக்கவில்லை.

மனம் மாறியதற்குக் காரணம் இந்த வரலாறு என்று சொன்னால் அது பொய். காரணம் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர்.

2012ல் நண்பனின் ஊருக்குக் கோவில் கொடைக்குப் போயிருந்தேன். ரேடியோ செட் கட்ட வந்தவர் பந்தலுக்குப் பின்னால் பாக்ஸ்களை அடுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு அங்குல பேஸ் பாக்ஸ், பக்கத்துக்கு நான்கு. "அண்ணே, என் பென் டிரைவில் ஒரு பாட்டு இருக்கு, போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "சாமி பாட்டு தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு. குடுங்க தம்பி" என்றார். இந்த ஆல்பத்திலிருந்து ‘வென் யூ ஹியர் த பேஸ்லைன்’ போட்டேன். வேண்டுமென்றே எடுத்ததில்லை, பட்டியலில் இரண்டாவதாக இருந்தது.

நான் இதை மூன்று வருடமாக மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவன். அந்த ஸ்பீக்கரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற தாழ்ந்த ஒலி பெரும்பாலும் ஒன்றும் வராது. இந்த வகை இசையில் ஐம்பது அறுபது ஹெர்ட்ஸில்தான் சங்கதியே. அதாவது பெயரிலேயே பேஸ்லைன் இருக்கிற பாட்டை அந்த பேஸ்லைனே இல்லாமல் கேட்டு, அதற்கு விமர்சனமும் எழுதியிருக்கிறேன்! பந்தல் தகரம் கிர்ரென்று நடுங்கியது. டீ கிளாஸ் மேஜையில் நகர்ந்தது. மேலே பாடகி மிஸ் திங்கின் குரல், அதட்டலும் குழைவுமாக, அந்த அதிர்வின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. கூச்சல் என்று நான் எழுதியது அதைத்தான். கீழே தரை இல்லாமல் கேட்டால் அது கூச்சலாகத்தான் கேட்கும். செட்காரர் அம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்தார். "இது சுடுது தம்பி. ஆனா நல்லா அடிக்குது. மறுக்கா போடுங்க, இடது பக்கம் ஒரு பாக்ஸ் சரியா வேலை செய்யலை, அதைப் பாக்கணும்" என்றார். பாட்டுக்காகச் சொன்னாரா பாக்ஸுக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பிப் போட்டோம்.

அதன் பிறகு ஆல்பத்தை முழுதாக மறுபடி கேட்க ஆரம்பித்தேன், நல்ல ஹெட்போனில், பாடியவர்கள் யாரென்று ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு. சான்டிகோல்டும் மிஸ்டர் லெக்ஸும் சேரும் ‘ஹோல்ட் த லைன்’ பாட்டில் அந்தக் கிட்டார் கடற்கரைப் படங்களில் வருகிற மாதிரி துள்ளும். ‘கான்ட் ஸ்டாப் நௌ’ பழைய ரெகே மெதுவோடு போகிறது. மிஸ்டர் வேகஸ், ஜோவி ராக்வெல் இருவரும் அதில் உருகியிருக்கிறார்கள். பார்ட்டி ஆல்பம் என்று முத்திரை குத்தியதில் இந்தப் பாட்டு எல்லார் கண்ணிலிருந்தும் தப்பிவிட்டது. பார்ட்டி என்ற சொல்லே விமர்சகர்களுக்கு ஒரு சௌகரியம். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

‘போன் டி ஃப்ளோர்’ தனிக் கதை. ராணுவ அணிவகுப்பில் அடிக்கிற மாதிரி சினேர் டிரம், மேலே கீச்சுக் குரலில் ஒரு சின்த், அதற்குள் கார்டெல் வார்த்தைகளை ஆணி அடிப்பது போல இறக்குகிறார். இதற்கு எரிக் வேர்ஹைம் இயக்கிய வீடியோவில் ஆடுவது ‘டாகரிங்’. உடலுறவை அப்படியே நடித்துக் காட்டுகிற ஆட்டம். வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அது வினோதமான வேடிக்கை. ஜமைக்காவில் அது சண்டை. 2009 பிப்ரவரியில்தான் அந்நாட்டின் ஒலிபரப்பு ஆணையம் டாகரிங் பாட்டுகளை வானொலி, தொலைக்காட்சி இரண்டிலும் தடை செய்திருந்தது, வார்த்தைகளை ‘பீப்’ போட்டு மறைத்தாலும் கூடாது என்று. கார்டெலும் ஸ்பைஸும் பாடிய ‘ராம்பின் ஷாப்’ பாட்டு கிளப்பிய அமளிதான் அதற்கு முக்கியக் காரணம். தேவாலயம், பத்திரிகைப் பத்தி, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் இதே பேச்சு. ஒழுக்கம் என்ற பெயரில் ஏழைகளின் கொண்டாட்டத்தை அடக்குகிறார்கள் என்று ஒரு பக்கம், பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று இன்னொரு பக்கம். அந்தச் சூட்டில் ஜூனில் வந்த பாட்டை நாமெல்லாம் சூடு ஆறிய பிறகு, எந்தச் சண்டையும் தெரியாமல், ‘ஜாலி’ என்று வாங்கிக்கொண்டோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ‘புரக் அவுட்’ பாட்டில் வரும் டி.ஓ.கே. குழு, சில வருடங்களுக்கு முன் ஓரினச் சேர்க்கையாளர்களை எரிக்கச் சொல்லும் ஒரு பாட்டால் பெயர் வாங்கியது. ஜமைக்காவின் ஒரு அரசியல் கட்சி அதைப் பிரச்சாரப் பாட்டாகவே பயன்படுத்தியது. கார்ட்டூன் அட்டைக்குள் வந்ததும் அந்தக் கறையும் காணாமல் போகிறது. குரல்களுக்குப் பெயர் கொடு என்று நான் இப்போது சொல்வதில் இதுவும் அடக்கம். பெயர் கொடுத்தால் புகழ் மட்டும் போய்ச் சேராது, கணக்கும் சேர்ந்தே போகும்.

2011ல் பியான்சே ‘ரன் த வேர்ல்ட்’ பாட்டில் இதே ‘போன் டி ஃப்ளோர்’ தாளத்தை எடுத்தபோது, எழுதியவர்கள் பட்டியலில் கார்டெலின் இயற்பெயர் அடிஜா பாமர் என்று அச்சானது. விமர்சகர்கள் விட்டதை வக்கீல்கள் எழுதினார்கள். அதே வருடம் அவர் கைதானார். 2014ல் கொலைக் குற்றத்தில் தண்டனை. 2024ல், ஜமைக்காவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்ய, ஜூலை கடைசியில் வெளியே வந்தார்.

மேஜர் லேசரின் பிந்தைய கதையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. சுவிட்ச் விலகினார், ஜில்லியனேரும் வால்ஷி ஃபயரும் வந்தார்கள். 2013ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குக் கிடைத்தது கலவையான வரவேற்பு. 2015ல் ‘லீன் ஆன்’ உலகம் முழுக்க ஓடியது, அதன் வீடியோவை இந்தியாவில் எடுத்தார்கள், அந்த வருடக் கடைசியில் ஸ்பாட்டிஃபை தளத்தில் அதுவரை மிக அதிகம் கேட்கப்பட்ட பாட்டு அதுதான். நல்ல பாட்டு. ஆனால் அதில் தகரத்தை நடுங்க வைக்க எதுவும் இல்லை.

பழைய பதிவை அழிக்கவில்லை. அடியில் பெயர்களை மட்டும் சேர்த்திருக்கிறேன்: மிஸ்டர் லெக்ஸ், சான்டிகோல்ட், மிஸ் திங், மிஸ்டர் வேகஸ், ஜோவி ராக்வெல், டர்புலன்ஸ், ஜா டான், டி.ஓ.கே., நினா ஸ்கை, ரிக்கி பிளேஸ், வைப்ஸ் கார்டெல், லெஃப்ட்சைட், இன்னும் சிலர். "டிப்லோவின் பாட்டு" என்பதை அடித்துத் திருத்தியிருக்கிறேன். எலக்ட்ரானிக் சட்டை வாக்கியத்தின் மேல் ஒரு கோடு.

குழந்தை அழுகிற அந்த ‘பேபி’ பாட்டைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்கவில்லை. அழுகையை, குரலைச் சுருதிக்கு இழுக்கிற ஆட்டோ-ட்யூனில் போட்டு எடுத்திருக்கிறார்கள், பிரின்ஸ் சிம்பூ அதற்கு நடுவில் ஏதோ சமாதானம் சொல்கிறார். பதினெட்டு அங்குல பாக்ஸிலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.